நுரை இறுகும் நேரம்

"இடுப்ப இன்னும் பின்னால தள்ளு. சீட்டோட ஒட்டி உக்காரு," என்றது மார்லிஸின் காதுக்குள் அவள் கணவன் வெர்லினின் குரல்.

அவள் தள்ளினாள். முதுகுக்குப் பின்னால் விரித்திருந்த கறுப்புக் குப்பைப் பை சரசரத்தது. வெர்லினின் பந்தய உடையைத்தான் மாட்டியிருந்தாள். ஆறடி மனிதனுக்குத் தைத்தது. கால் பக்கத்தை மடித்து மடித்து விட்டும் குதிகாலுக்குக் கீழே வந்து நின்றது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், இடது கால் கிளட்சில். பந்தயக் கூட்டாளிகளான டுவேனும் செங்கும் ஆளுக்கொரு நுரைத் திரவ டப்பாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, அடுப்பில் பால் வைத்துவிட்டு நிற்பவர்கள் மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒட்டி உக்காந்தாச்சு," என்றாள்.

டுவேன் சிரித்தான். "பட்டன அழுத்திச் சொல்லு மார்லிஸ். இல்லன்னா அவனுக்கு எப்படிக் கேக்கும்?"

ஸ்டியரிங்கில் கட்டைவிரல் படும் இடத்தில் சிவப்பாக ஒரு பட்டன். அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஓட்டுகிறவனும் வெளியே நிற்கிறவர்களும் பேசிக்கொள்ள வைத்திருந்த வாக்கி டாக்கி அது. அதன் ஜோடிகளில் ஒன்று டுவேனின் காதில் இருந்தது. இன்னொன்று வீட்டு முன்னறையில், வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த வெர்லினின் கையில் இருந்தது. இனிமேல் கொடுக்க மருந்தில்லை என்று டாக்டர்கள் சொன்ன பிறகு அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். முன்னறைக்கும் கார் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு சமையலறைதான். ஆனால் அந்த இடத்தைக் கடக்க அவனால் இனி முடியாது.

அவள் பட்டனை இரண்டு தடவை அழுத்தினாள்.

டிக், டிக். வளைவில் கார் போய்க்கொண்டிருக்கும்போது ஓட்டுகிறவனுக்குப் பேச வராது. சொன்னது கேட்டது என்பதற்கு இரண்டு அழுத்து. முதல் வருடத்திலிருந்தே அவர்களுக்குள் இதுதான் வழக்கம்.

காதுக்குள் முன்னறை திறந்துகொண்டது. "என்னடா இது, எப்பப் பாரு டிக் டிக்னு பல்லி மாதிரி?" என்று வெர்லினின் அக்கா ஆர்டிஸ் கேட்டாள். "கேட்டுச்சுன்னு அர்த்தம், ஆர்டிஸ்." "கேட்டுச்சுன்னா கேட்டுச்சுன்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே." வெர்லின் சிரிக்கப் போய் இருமினான். பிறகுதான் பட்டனை விட்டான் போலிருக்கிறது, சத்தம் அறுந்தது.

பட்டனிலிருந்து விரலை எடுக்க மறந்துவிடுவது அவனுக்குப் பழக்கம். பந்தயத்தின் நடுவில் இப்படித்தான் செய்வான். ஒருவர் அழுத்திப் பிடித்திருக்கும் வரை அவர் பக்கத்துச் சத்தம் எல்லோருக்கும் கேட்கும். மற்றவர்கள் எவ்வளவு கத்தினாலும் அவருக்கு ஒன்றும் போய்ச் சேராது. பெட்ரோல் தீரப் போகிறது, உள்ளே வா, உள்ளே வா என்று டுவேன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, வெர்லின் தன்னை மறந்து ஏதோ தேவாலயப் பாட்டை முனகிக்கொண்டே இன்னொரு சுற்று போய்விட்ட கதையை ஊரே அறியும்.

காரும் அப்படிப்பட்ட கார்தான். ஐந்நூறு டாலருக்கு மேல் காருக்குச் செலவழிக்கக் கூடாது என்பது அந்தப் பந்தயத்தின் விதி. பாதுகாப்புச் சாமான் மட்டும் கணக்கில் வராது. பால்பண்ணை ஒன்றின் பின்புறம் கோழிகள் குடியிருந்த பழைய வேகனை இழுத்து வந்து, வெள்ளையடித்து, கறுப்புத் திட்டுகள் போட்டுப் பசுமாடு ஆக்கியிருந்தார்கள். பின்பக்கம் பம்பருக்குக் கீழே ரப்பர் கையுறைகளை ஊதிக் கட்டி மடி. ஹாரனை அடித்தால் அம்மா என்று கத்தும். பந்தயத்துக்கு முந்தின நாள் சோதனைக்கு வரும் நடுவர்கள் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு மார்லிஸ் செய்துகொண்டு போகும் ருபார்ப் பை என்ற இனிப்பைத் தின்றுவிட்டு, ஐந்நூறு டாலர் கணக்கில் அடங்காத புது ரேடியேட்டரைக் கண்டும் காணாமல் விடுவார்கள். அதுவும் வழக்கம்தான். ஜெயிப்பது யார் என்பதில் இவர்களுக்கு அக்கறை இருந்ததில்லை. ஞாயிறு மாலை கொடி விழும்போது கார் தன் சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் அது ஜெயித்த கணக்கு.

காருக்குள் ஒரே ஒரு சீட். மற்றதையெல்லாம் எடைக்காகப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். இத்தனை வருடத்தில் மார்லிஸ் அந்தக் காரில் கணவனின் பக்கத்தில் உட்கார்ந்து போனதில்லை. உட்கார இடமே கிடையாது. ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடியும். இறங்குகிறவர் குனிந்து, ஏறுகிறவரின் பெல்ட்டுகளை இழுத்து மாட்டி, தோளில் தட்டிவிட்டுப் போக வேண்டும். வெர்லின் இப்படி டுவேனுக்கும் செங்குக்கும் மாட்டிவிடுவதை, கையில் பெட்ரோல் கேனோடு பந்தயப் பாதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வருடா வருடம் அவள் பார்த்திருக்கிறாள்.

முதல் வருடமே அவன் கேட்டான். "நீயும் ஒரு சுற்று ஓட்டறியா?" எல்லோர் நடுவிலும், வாயில் சாண்ட்விச்சோடு, விளையாட்டாகக் கேட்டான். பிறகு தனியாகக் கூப்பிட்டு மறுபடி கேட்பான் என்ற நம்பிக்கையில், "உனக்கு வேற வேலையில்ல" என்று சொன்னாள். அடுத்த வருடமும் அப்படியே கேட்டான், அவளும் அப்படியே சொன்னாள். பிறகு அது அவர்கள் வீட்டு வழக்கமான பேச்சாகிவிட்டது. உள்ளுக்குள் அவளுக்கு எவ்வளவு ஆசை என்று யாருக்கும் தெரியாது. மளிகைக் கடைக்குப் போகும்போது ஆளில்லாத பண்ணைச் சாலை வளைவில் கியரைக் குறைத்துத் திருப்பிப் பார்ப்பாள். யாரும் பார்க்கிறார்களா என்று கண்ணாடியையும் பார்த்துக்கொள்வாள்.

இந்த வசந்தத்தில், கட்டிலில் படுத்தபடி, அவன் உண்மையாகவே கேட்டான். என் இடத்தில் நீ ஓட்டு என்றான். சரி என்றாள்.

இன்று காலை மாத்திரை கொடுக்கும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "எனக்காகத்தான் நீ ஒத்துக்கிட்ட. தெரியும். சாகப் போறவன் கேட்டா யாரு மாட்டேம்பா? உனக்குப் பிடிக்கலன்னா விட்டுடு மார்லிஸ்."

அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆர்டிஸ் வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்து, முகம் துடைக்கணும், நகரு என்றாள். ஆர்டிஸ் முன்னால் அவளுக்குப் பேச வராது. எழுபத்து நான்கு வயதில் தம்பிக்குக் கோழி சூப் வைக்க இரண்டு மாவட்டம் தாண்டிக் காரோட்டி வந்திருந்தவள், இந்தப் பந்தயமெல்லாம் வேலையற்றவர்கள் வேலை என்ற தன் கருத்தை ஒருநாளும் மறைத்ததில்லை. சரி, நுரை வேலை முடிந்ததும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம் என்று மார்லிஸ் எழுந்துவிட்டாள்.

"ஊத்தலாமா?" என்று செங் கேட்டான்.

"ஊத்து," என்றது காதுக்குள் வெர்லினின் குரல். கேட்காமலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு திரவத்தையும் வாளியில் கொட்டிக் கலக்கி, அவள் முதுகுக்குப் பின்னால் பைக்குள் ஊற்றினார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இடுப்பின் இரண்டு பக்கமும் வெதுவெதுவென்று ஏதோ எழும்பி வந்தது. தோளை, விலாவை, முதுகுத்தண்டின் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு நுரை வளர்ந்தது. நெட்டையர்களுக்கு என்று பூட்டிய சீட்டில் குட்டையான ஓட்டுநர் உட்கார இதுதான் வழி. உடம்பின் அச்சு அப்படியே பதிந்து கல்லாக இறுகும். இறுகும்வரை அசையக் கூடாது. அசைந்தால் அசைந்தபடியே பதிந்துவிடும்.

"சூடா இருக்கா?" என்றான் வெர்லின்.

அவள் பட்டனை அழுத்தினாள். "இருக்கு. வெந்நீர்ப் பை வச்ச மாதிரி."

"அசையாம இரு."

டிக், டிக்.

சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் டுவேனின் காதிலும் ஒன்று இருக்கிறதே. கல்யாணமான இத்தனை வருடத்துக்குப் பிறகு புருஷனிடம் ஆசையைச் சொல்ல வெட்கப்படுகிறோமே என்று தன்மேலேயே சிரிப்பு வந்தது. சிரித்தால் தோள் குலுங்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

அப்போது காதுக்குள் மறுபடி முன்னறை திறந்தது. பேச்சு ஒன்றும் இல்லை. மூச்சு மட்டும். சுவர்க்கடிகாரம். ஆர்டிஸின் பின்னல் ஊசிகள் இடித்துக்கொள்ளும் சத்தம்.

டுவேன் தன் காதுக் கருவியைத் தட்டிக் காட்டினான். "பட்டன் மேல கைய வச்சுக்கிட்டே தூங்கிட்டான். போய் எடுத்துவிடட்டுமா?"

"வேணாம்," என்றாள் மார்லிஸ். "தூங்கட்டும்."

அவளுக்கு அந்த மூச்சு பிடித்திருந்தது. இராத்திரி முழுவதும் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கே அது இன்னும் கிட்டத்தில் இருந்தது, காதுமடலில் வந்து படுவது போல. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அசையாமல், வெதுவெதுப்பில் சாய்ந்து அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு முறை, அந்தக் காரில் அவர்கள் இருவரும் ஒன்றாக இருப்பது போல அவளுக்கு இருந்தது.

மூச்சு நின்று வந்தது.

மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் நீளமாக விட்டுப்போகும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நேற்றும் அப்படி வந்தது, பிறகு சரியானது. மார்லிஸ் எண்ணாமல் காத்திருந்தாள். மறுபடி ஒன்று வந்தது. ஆர்டிஸின் ஊசிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அவளுக்கு அங்கே கேட்காதது இவளுக்கு இங்கே கேட்டது.

பட்டனை அழுத்தினாள். "வெர்லின்," என்றாள். போகாது என்று தெரியும். அவன் விரல் எடுக்காமல் எதுவும் அவனிடம் போகாது. ஆனாலும் அழுத்தினாள். "வெர்லின், காலையில நீ சொன்னது..."

"தோள், மார்லிஸ், தோள் திரும்புது," என்றான் செங்.

சமையலறைக் கதவு அவளுக்கு இடது பக்கம், கொஞ்சம் பின்னால் இருந்தது. தான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது அவளுக்குத் தெரியவே இல்லை. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். அடுத்த மூச்சு வரட்டும், வந்ததும் எழுந்துவிடலாம் என்றும் நினைத்தாள். கழுத்தும் தோளும் கதவைப் பார்த்துத் திரும்பியபடி, காது மட்டும் அவனிடம் இருக்க, அப்படியே காத்திருந்தாள்.

ஊசிகள் நின்றன. "வெர்லின்?" என்றாள் ஆர்டிஸ், காதுக்குள். பிறகு "மார்லிஸ்" என்ற குரல் காதிலும் கதவு வழியாகவும் ஒரே நேரத்தில் வந்தது.

வியாழக்கிழமை வெர்லினை அடக்கம் செய்தார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாம் வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், ஆறு வீட்டிலிருந்து வந்த ஆறு தட்டு இனிப்பு. செங்கின் அம்மா ஒரு அண்டா நிறைய எக் ரோல் பொரித்து அனுப்பியிருந்தாள், முதலில் தீர்ந்தது அதுதான். வருகிறவர்கள் எல்லோரும் மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல மனுஷன், கஷ்டப்படாமப் போனான், நீ பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்ட, என்று சொன்னார்கள். அவள் தலையாட்டினாள். ஒவ்வொரு முறை தலையாட்டும்போதும் பொய்ச் சாட்சி சொல்வது போல இருந்தது.

காபி பாத்திரம் கழுவும் இடத்தில் ஆர்டிஸ் அவளைப் பார்க்காமல் சொன்னாள். "பக்கத்துல இருந்தது நான். நீ அங்க அந்தக் கார்ல போய் உக்காந்திருந்த."

"அவருதான் உக்காரச் சொன்னாரு, ஆர்டிஸ்."

"அவன் சொல்லுவான். அவன் எதைத்தான் சொல்லல. உனக்குத் தெரிய வேணாமா?" ஆர்டிஸ் ஒரு தட்டை இரண்டு தடவை துடைத்து அடுக்கினாள். "கண்ண மூடறதுக்கு முன்னாடி கதவைப் பாத்தான். நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

மார்லிஸ் குழாயை மூடினாள். அவன் ஒவ்வொரு மூச்சையும் நான் கேட்டேன் என்று சொன்னால் அது இன்னும் மோசமாகத்தான் இருக்கும். கேட்டுக்கொண்டே ஏன் உட்கார்ந்திருந்தாய் என்று அடுத்து ஆர்டிஸ் கேட்பாள். மார்லிஸுக்கே அதற்குப் பதில் தெரியாது. ஈரத் துணியை மடித்துக் குழாயின்மேல் போட்டுவிட்டு மேலே போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் காரைப் பந்தய மைதானத்தில் சோதனைக்கு நிறுத்தியாக வேண்டும். ஆகவே சாப்பாடு முடிந்து, கோட்டைக் கழற்றின கையோடு டுவேனும் செங்கும் டிரெய்லரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். போகிறோமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மார்லிஸ் ருபார்ப் பை இனிப்பை அலுமினியத் தாளில் சுற்றி எடுத்துவைத்திருந்ததைப் பார்த்தபோது டுவேன் மூக்கைச் சிந்திக்கொண்டான்.

"புது நுரை ரெண்டு டப்பா வாங்கிட்டு வந்திருக்கேன்," என்றான். "பழசு கோணிப் போச்சு. இடது தோள் பக்கம் பள்ளமா பதிஞ்சிருக்கு. திரும்ப ஊத்திடலாம்."

"முதல்ல உக்காந்து பாக்கறேன்."

"கோணலா உக்காந்து எவ்வளவு நேரம் ஓட்டுவ? கழுத்து போயிடும்."

"உக்காந்து பாக்கறேன்னு சொன்னேன் டுவேன்."

அவர்கள் வெளியே போய் டிரெய்லரின் பலகையை இறக்க ஆரம்பித்தார்கள். மார்லிஸ் கறுப்புக் கவுனைத் தொடைவரை தூக்கிக்கொண்டு, காரின் பாதுகாப்புக் கம்பிக்கு மேல் காலைப் போட்டு, உள்ளே இறங்கினாள். நுரை குளிர்ந்து, கெட்டியாக, மஞ்சளாக இருந்தது. முதுகை வைத்ததும் அது அவளைப் பிடித்துக்கொண்டது. இடுப்பைப் பிடித்தது, விலாவைப் பிடித்தது, பிறகு மெல்ல இடது தோளை உள்ளே வாங்கிக்கொண்டது. அவள் முகம் தானாகச் சமையலறைக் கதவுப் பக்கம் திரும்பியது. அன்றைக்குத் திரும்பிய அளவுதான்.

அன்று அவள் எழுந்து போகவும் இல்லை, முன்னால் பார்த்து உட்காரவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவள் இருந்த இடம் அப்படியே இருந்தது. வெர்லின் வேண்டும் போல இருந்தது. திட்டவாவது, பெல்ட்டை இறுக்கவாவது, சும்மா குனிந்து நிற்கவாவது வேண்டும் போல இருந்தது.

காதுக் கருவி கியர்த் தடியில் தொங்கியது. எடுத்து மாட்டினாள். ஏன் மாட்டினாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. லேசான இரைச்சல் வந்தது. பேட்டரி இருந்தது. டுவேனுடையது வெளியே டிரெய்லரை இழுத்து வந்த வண்டியின் சீட்டில் கிடந்தது, அவன் பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வெர்லினுடையதை ஆர்டிஸ்தான் அன்று அவன் கையிலிருந்து எடுத்துச் சமையலறை ஜன்னல் அலமாரியில் சார்ஜரில் சொருகி வைத்தாள். அதற்கு இனி வேலையில்லை என்றாலும், எந்தச் சாமானையும் அதனதன் இடத்தில் வைக்காமல் அவளால் இருக்க முடியாது. அதை அணைக்கத் தோன்றியிருக்காது.

மார்லிஸ் பட்டனை அழுத்தினாள்.

"வெர்லின்," என்றாள். கொஞ்சம் இருமிவிட்டு மறுபடி தொடங்கினாள். "நான் உனக்காக ஒத்துக்கல. எனக்கே ஆசை. முதல் வருஷத்துலேர்ந்தே ஆசை. நீ ஒழுங்கா வந்து கேப்பேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீ கடைசியிலதான் கேட்ட." விரல் நோகும்படி அழுத்திப் பிடித்திருந்தாள். "உன் மூச்சு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அத விட்டுட்டு எழுந்து வர எனக்கு மனசு வரல. வேற ஒண்ணும் இல்ல."

விரலை எடுத்தாள்.

இரைச்சல் மட்டும் இருந்தது. வெளியே செங் ஏதோ சொல்ல, இரும்புப் பலகை தரையில் மோதியது. அவள் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நுரை அவளைப் பிடித்திருந்தது. போதும், இறங்கலாம் என்று கம்பியில் கை வைத்தாள்.

டிக், என்றது காதுக்குள். சற்று விட்டு, தடுமாறின மாதிரி, இன்னொன்று. டிக்.

அவள் கை கம்பியிலேயே நின்றது.

இறங்கிச் சமையலறைக்குள் போனபோது ஆர்டிஸ் தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கைவரை சோப்பு. திரும்பவில்லை.

"காபி சூடா இருக்கு," என்றாள். "குடிச்சிட்டுக் கிளம்பு. அந்தப் பக்கம் வழியில ஒரு கடையும் கிடையாது. குளிருக்கு அவனோட கம்பளிச் சட்டைய எடுத்து வச்சிருக்கேன்."

"சரி ஆர்டிஸ்."

வெளியே டுவேன் குரல் கொடுத்தான். புது நுரை கலக்கட்டுமா, நேரமாகிறது என்றான். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று மார்லிஸ் பதில் சொன்னாள்.

கோப்பையை எடுக்க ஜன்னல் அலமாரிப் பக்கம் கை நீட்டினாள். வாக்கி டாக்கி சார்ஜரில் பச்சை விளக்கோடு நின்றிருந்தது. அதன் பட்டன்மேல் ஒரு விரல் அகலத்துக்குச் சோப்பு நுரை ஒட்டியிருந்து, ஒவ்வொரு குமிழாக உடைந்துகொண்டிருந்தது.